கேஷைத் துடைக்கச் சொன்னார்கள், துடைத்துவிட்டேன்

2025 ஜூன் இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை இரவு. பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பாடக்குறிப்பு எழுதி முடித்துவிட்டு, ஆடிப்பட்டத்துக்கு என்னென்ன விதை எடுத்து வைக்கலாம், போன வருடம் என்ன எழுதினேன் என்று பார்க்க என் தளத்தைத் திறந்தேன். எழுதியதெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை என்று ஒற்றை வரி வந்தது. இது புதிதில்லை, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி வரும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். பால் காய்ச்சி வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அந்த ஒற்றை வரிகூட இல்லை, வெறும் வெள்ளைப் பக்கம்.

மாடித்தோட்டம் பற்றிய தளம் அது. 2014இல் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாலு சாக்குப் பையில் கத்தரி வைத்த அன்று தொடங்கினேன். மொத்தம் 612 கட்டுரைகள். கட்டுரைகளை விடப் பெரிய சொத்து அதன் அடியில் வாசகர்கள் எழுதியவை. எந்த ஊர் மண்ணில் எந்த அவரை எடுத்தது, தென்காசியில் பூத்தது கிருஷ்ணகிரியில் ஏன் பூக்கவில்லை என்று பதினோரு வருடமாக அவர்கள் பேசிச் சேர்த்த கணக்கு. விளம்பரத்தில் மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவுக்கு வரும், ஹோஸ்டிங் செலவு போக விதைக்கும் தென்னைநார்க் கழிவுக்கும் சரியாக இருக்கும்.

இரவு பதினொரு மணிக்கு, தளத்துக்குச் சர்வரில் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் நல்ல மரியாதையான பையன். "மேடம், சர்வர் சைடுல பாத்துட்டு இருக்காங்க. நீங்க ஒரு தடவை கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க" என்றான். கேஷ் என்றால், பக்கம் வேகமாக வருவதற்காகப் பிரவுசரிலும் மற்ற இடங்களிலும் தங்கும் தற்காலிகச் சேமிப்பு. நானும் சொன்ன பேச்சைக் கேட்கும் மாணவி மாதிரி எல்லாவற்றையும் துடைத்தேன். லேப்டாப் பிரவுசரில் துடைத்தேன். போனில் துடைத்தேன். படங்கள் வேகமாக வருவதற்காக இடையில் ஒரு சிடிஎன் சேவை வைத்திருந்தேன், அதன் பலகைக்குள் போய் எல்லாவற்றையும் அழி என்ற பொத்தானையும் அழுத்தினேன். உறுதியா என்று அது கேட்டது. உறுதி என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் அழித்தது என்னவென்று எனக்குப் புரிய மூன்று நாள் ஆனது.

மறுநாள் மதிய இடைவேளையில் மின்னஞ்சல் வந்தது. சர்வரில் இரண்டு டிஸ்க் இருக்கின்றன, ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று போனால் இன்னொன்று இருக்கும், ரெய்ட் 1 என்று பெயர். ஆனால் இந்த முறை போனது டிஸ்க் இல்லை. இரண்டையும் நடத்தும் கன்ட்ரோலர் கார்டு பழுதாகி, சாகும் முன் இரண்டிலும் குப்பையை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. கணக்கு வாத்தியாரான எனக்கே இது அப்போதுதான் உறைத்தது: இரட்டை டிஸ்க் என்பது ஒரு டிஸ்க் உடைந்தால் தளம் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான். தவறான எழுத்தை ஒன்று எழுதினால் மற்றதும் விசுவாசமாக அதையே எழுதும். நான் கையால் தவறுதலாக அழித்திருந்தாலும் இதே கதிதான்.

பேக்கப் எங்கே என்று கேட்பீர்கள். இருந்தது. வாராவாரம் ஒரு பிளகின், அதாவது தளத்தில் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள், தானாக எடுத்து வைத்தது, அதே சர்வரில், அதே டிஸ்க்கில், பக்கத்து ஃபோல்டரில். பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை. கடைசியாக லேப்டாப்பில் இறக்கி வைத்தது 2021 என்று நினைவு, அந்த லேப்டாப்பை 2023இல் பழைய விலைக்குக் கொடுத்தாயிற்று. ஹோஸ்டிங்காரர்கள் தினசரி பேக்கப் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாசித்தேன். பேக்கப் எடுப்பது எங்கள் வசதிக்காக, வாடிக்கையாளர் தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நடுப்பக்கத்தில் ஒரு வரி. அவர்கள் கடைசியாக ஒழுங்காக எடுத்த பிரதி எப்போது என்று கேட்டதற்கு இன்றுவரை நேரான பதில் இல்லை. உங்கள் ஹோஸ்டிங்கில் இப்போதே ஒரு மின்னஞ்சல் போட்டு, கடைசி பேக்கப் எந்தத் தேதி, அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று இரண்டு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். பதிலை விட, பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதே நிறையச் சொல்லும்.

அன்று சாயங்காலம் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சொல்ல வெட்கமாக இல்லை. வீட்டில் யாரிடம் சொன்னாலும் "கம்ப்யூட்டர்தானே, திரும்ப எழுதிக்கலாம்" என்றுதான் சொல்லுவார்கள் என்று தெரியும். மறுநாள் இரவு கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா மகன் போன் செய்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது: "சித்தி, கேஷ் எதையாவது தொட்டீங்களா?" எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் விளக்கினான். கேஷ் என்பது பழைய பிரதி. தளம் நன்றாக ஓடும்போது பழைய பிரதி தொந்தரவு, அதனால்தான் எதற்கெடுத்தாலும் துடை என்கிறார்கள். மூலமே போய்விட்ட பிறகு உலகத்தில் மிச்சமிருப்பது அந்தப் பழைய பிரதிகள் மட்டும்தான். சிடிஎன்னில் என் படங்கள் ஊர் ஊராகப் பல கிடங்குகளில் உட்கார்ந்திருந்தன, நான் ஒரே சொடுக்கில் காலி செய்திருந்தேன்.

எனவே இதைப் படிப்பவர்கள் வேறெதையும் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. தளம் திடீரென்று விழுந்தால், காரணம் தெரியும்வரை எந்த கேஷையும் அழிக்காதீர்கள், பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள். ரீஃப்ரெஷ் செய்தால் நல்ல பிரதி இருந்த இடத்தில் பிழைப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட வாய்ப்புண்டு. லேப்டாப்பில் முதலில் வைஃபையை அணையுங்கள். ஃபயர்பாக்ஸ் என்றால் இணையம் இல்லாமல் வேலை செய் என்று மெனுவிலேயே ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு ஹிஸ்டரியிலிருந்து பக்கங்களைத் திறந்து பாருங்கள். குரோமின் கேஷ் ஃபோல்டரை முழுதாக வேறிடத்துக்கு நகலெடுத்து வைத்துவிட்டு அப்புறம் நிதானமாகத் தோண்டலாம். தளத்தின் சொந்தக்காரர் லாகின் செய்தபடியே பார்ப்பதால் அவருடைய பிரவுசரில் பக்கங்கள் பெரும்பாலும் சேமிக்கப்படுவதில்லை, வாசகர்களின் பிரவுசரில்தான் கிடைக்கும் என்பதையும் அவன் சொன்னான்.

அவன் உடனடியாகச் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். டொமைனை ஒரு சின்ன தற்காலிக சர்வருக்குத் திருப்பி, எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் 503 என்ற பதில் போகும்படி வைத்தான். தற்காலிகமாக மூடியிருக்கிறது, பிறகு வா என்று கூகுளுக்குச் சொல்லும் எண் அது. வெள்ளைப் பக்கமோ 404ஓ போனால், இந்தப் பக்கம் இனி இல்லை என்று எடுத்துக்கொண்டு தேடலிலிருந்து கழற்றத் தொடங்கிவிடும். 503ம் சில நாட்களுக்குத்தான் தாங்கும், ஆனால் மூச்சு விட அவகாசம் கிடைக்கும்.

சரி, பிரதி எங்கே தேடுவது? இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரையெல்லாம் ஒரே மாதிரி: கூகுள் கேஷில் போய் எடு. அது இப்போது கிடையாது. தேடல் முடிவுக்குப் பக்கத்தில் இருந்த கேஷ் இணைப்பை 2024 தொடக்கத்தில் கூகுள் எடுத்துவிட்டது, முகவரிக்கு முன்னால் கேஷ் என்று போட்டுத் திறக்கும் குறுக்குவழியும் அதே ஆண்டு செப்டம்பரில் போயிற்று. பிங்கிலும் அதன் பிறகு எடுத்துவிட்டார்கள். இது எனக்குத் தெரியாததால் எட்டாயிரம் ரூபாய் நஷ்டம். கூகுள் கேஷிலிருந்து முழுத் தளத்தையும் மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் இணையத்தில் வாக்குக் கொடுத்தார், முன்பணம் அனுப்பினேன். ஐந்து நாள் கழித்து ஒரு ஜிப் கோப்பு வந்தது. திறந்து பார்த்தால் எல்லாம் இணையக் காப்பகத்திலிருந்து இறக்கியவை, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் காப்பகத்தின் பட்டை, உள்ளே இருக்கும் இணைப்புகளெல்லாம் காப்பகத்துக்கே போகின்றன. அதைவிடக் கொடுமை, நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளில் கட்டுரையே இல்லை, வெள்ளைப் பக்கம். ஒவ்வொரு முகவரிக்கும் கடைசியாக எடுத்த பிரதியை மட்டும் கருவி இறக்கியிருக்கிறது, கடைசிப் பிரதியோ தளம் விழுந்த பிறகு எடுத்தது. கேட்டதற்கு அவர் போனை எடுக்கவில்லை.

ஆனால் அவர் காட்டிய இடம் தவறில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வருகிறது, அதன் வேபேக் மெஷினை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். தள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடினால் அவர்களிடம் இருக்கும் உங்கள் பக்கங்கள் அத்தனைக்கும் பட்டியல் வரும். ஒரே பக்கத்துக்குப் பல தேதிகளில் பிரதி இருக்கும், அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிழைப் பக்கம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். பிரதியின் முகவரியில் தேதியும் நேரமும் ஒரு நீள எண்ணாக இருக்கும், அந்த எண்ணை ஒட்டி ஐ, டி என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்தையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்தால், பட்டை இல்லாமல் அன்றைக்கு உங்கள் சர்வர் கொடுத்த பக்கம் அப்படியே வரும். எட்டாயிரம் வாங்கியவருக்கு இந்த மூன்று எழுத்து தெரியவில்லை. அவசரப்பட்டு நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் இறக்கினால் கொஞ்ச நேரத்துக்குத் தடுத்துவிடுவார்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி விட்டு இறக்குங்கள்.

இங்கே தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. என் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் நம் தலைப்பையே முகவரியாக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து, ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. மொத்தம் 200 எழுத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறியாக எண்ணப்படுவதால் இருபத்திரண்டு குறியோடு தலைப்பு பாதியில் வெட்டுப்படும். "புடலங்காய்க்குப் பந்தல் போடும்" என்று தொடங்கும் தலைப்பில் "போடும்" வருவதற்கு முன்னாலேயே முகவரி முடிந்துவிடும். நினைவிலிருந்து முகவரியைத் தட்டித் தேடிய எனக்கு முதல் நாள் முழுக்க ஒன்றும் கிடைக்காததற்கு இதுதான் காரணம். அப்படித் தேடாதீர்கள், பட்டியலை எடுத்து அதிலிருந்து பாருங்கள். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் உங்கள் தளம் பதிவாகியிருந்தால், அங்கேயும் முகவரிப் பட்டியலை ஆயிரம் வரிவரை இறக்கிக்கொள்ளலாம். எது தொலைந்தது என்று தெரிய முதலில் எவையெல்லாம் இருந்தன என்ற கணக்கு வேண்டும்.

வேபேக்கில் உருப்படியாகக் கிடைத்தது 310. பாதிக்கு மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வாரத்தில்தான் ஜெஃப் ஆட்வுட் கதையும் கண்ணில் பட்டது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 2009 டிசம்பரில் அவருடைய கோடிங் ஹாரர் தளமும் இதேபோல் மொத்தமாகப் போயிருக்கிறது, அவருடைய பேக்கப்பும் அதே கணினிக்குள்தான் இருந்திருக்கிறது. கணினி உலகமே அறிவுரை கேட்ட மனிதருக்கே இந்தக் கதி என்றால் திண்டுக்கல் டீச்சர் எம்மாத்திரம் என்று அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தேன்.

வாசகர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். நம் தளத்தின் பக்கம் ஏதாவது உங்கள் போனில் திறந்தபடி இருந்தால் தொடாதீர்கள், முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், குரோமில் பதிவிறக்கி வைத்திருந்தால் அந்தக் கோப்பையே அனுப்புங்கள் என்று. பழைய ஆட்கள் சிலர் ஃபீட்லி, இனோரீடர் மாதிரி, பல தளங்களின் புதுக் கட்டுரைகளை ஓரிடத்தில் காட்டும் செயலியில் என் தளத்தைச் சேர்த்திருந்தார்கள். அங்கே மூலம் போன பிறகும் பழைய கட்டுரைகள் அப்படியே இருக்கும். ஆனால் 2020இல் விளம்பரக் காசுக்கு ஆசைப்பட்டு, அந்தச் செயலிகளுக்குத் தளம் அனுப்பும் ஊட்டத்தில் (ஃபீட்) முழுக் கட்டுரையும் போகாமல் சுருக்கம் மட்டும் போகும்படி நான்தான் மாற்றியிருந்தேன். அதற்குப் பிந்தியவற்றில் இரண்டிரண்டு வரிதான் கிடைத்தது, கூடவே "மேலும் வாசிக்க" என்று ஒரு கேலி. பின்னூட்டம் வரும்போதெல்லாம் எனக்கு மின்னஞ்சல் வரும் என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. ஜிமெயிலில் தேடினேன். 2022க்குப் பிறகு வந்தவை இருந்தன. அதற்கு முந்தியவற்றை, இலவச 15 ஜிபி நிரம்பிவிட்டது என்று நானே உட்கார்ந்து ஆயிரம் ஆயிரமாக அழித்திருந்தேன்.

எழுதி வெளியிடாமல் வைத்திருந்த 14 வரைவுகளுக்கு மட்டும் எங்கேயும் பிரதி கிடையாது. யாரும் பார்க்காததை எந்த கேஷும் வைத்துக்கொள்ளாது.

பத்தாம் நாள் ஹோஸ்டிங்கிலிருந்து எதிர்பாராத செய்தி. டிஸ்க்கைச் செக்டர் செக்டராக நகலெடுத்ததில் கொஞ்சம் கோப்புகள் படிக்க முடிகிறது, டேட்டாபேஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை என்றார்கள். வழக்கமான சுத்தியலையெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். டேட்டாபேஸுக்குள் தரவைச் சேமிக்கும் இன்னோடிபி என்ற அமைப்பைக் கட்டாயப்படுத்தி எழுப்ப 1 முதல் 6 வரை நிலை உண்டு, 4க்கோ அதற்கு மேலோ போனால் இருப்பதும் நிரந்தரமாகக் கெடலாம், அதனால் நகலில்தான் முயல வேண்டும். எதிலும் எழவில்லை. கடிதத்தின் கடைசி வரி: கேஷ், டெம்ப் ஃபோல்டர்களைத் தவிர்த்துவிட்டு மற்றதை அனுப்புகிறோம், சம்மதமா? சம்மதம் என்று பதில் அடித்துவிட்டேன். கேஷ் குப்பை என்று எனக்குள் அவ்வளவு ஊறியிருக்கிறது. இரவு அக்கா மகனிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவன் கத்தினான். "சித்தி, அதுதான் வேணும், அதுதான் வேணும்!"

விஷயம் இதுதான். தளம் வேகமாக வர வேண்டுமென்று டபிள்யூபி சூப்பர் கேஷ் என்ற பிளகினைப் போட்டிருந்தேன். அது ஒவ்வொரு கட்டுரையையும் ஒருமுறை முழுப் பக்கமாகச் செய்து, தனிக் கோப்பாக டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். அடுத்த வாசகர் வந்தால் டேட்டாபேஸைத் தொடாமல் அந்தக் கோப்பையே கொடுக்கும். எல்லாக் கட்டுரையையும் முன்கூட்டியே செய்து வைக்கும் வசதியை எப்போதோ போட்டுவிட்டு மறந்திருந்தேன். டேட்டாபேஸ் என்பது சில பெரிய கோப்புகள், நடுவில் கெட்டால் எல்லாமே போகும். கேஷ் ஃபோல்டரோ ஒரு கட்டுரைக்கு ஒரு சின்னக் கோப்பு. டிஸ்க்கில் அங்கங்கே குப்பை விழுந்தாலும், விழாத இடத்தில் இருந்தவை முழுசாக இருக்கும். பேக்கப் பிளகின்களும் இந்த ஃபோல்டரைத்தான் முதலில் ஒதுக்கித் தள்ளும். காலை எட்டு மணிக்கு ஹோஸ்டிங்குக்குப் போன் செய்து கெஞ்சினேன். நல்லவேளை, இன்னும் அழிக்கவில்லை.

வந்த ஜிப்பை என் விண்டோஸ் லேப்டாப்பில் பிரித்தேன், 290 பக்கம். அக்கா மகன் தன் லினக்ஸ் கணினியில் பிரித்தான், 500க்கு மேல். ஒரே கோப்பு! மேலே சொன்ன அந்த நீள நீளத் தமிழ் முகவரிகள்தான் ஃபோல்டர் பெயர்களாகவும் இருந்தன, விண்டோஸ் வழக்கமாக 260 எழுத்துக்கு மேல் பாதை நீண்டால் தடுமாறும், தாண்டியவற்றை விட்டுவிட்டிருக்கிறது. நான் முதலில் வந்த எண்ணிக்கையை நம்பி விட்டிருந்தால் அவ்வளவுதான். விண்டோஸில் பிரித்தே ஆக வேண்டுமென்றால் டிஸ்க்கின் மேல்மட்டத்திலேயே ஓரெழுத்துப் பெயரில் ஃபோல்டர் போட்டு அதற்குள் பிரியுங்கள், வந்த கோப்புகளை எண்ணியும் பாருங்கள். எல்லாம் நல்ல கோப்பு என்றும் இல்லை. சிலவற்றைத் திறந்தால் பாதிக்கு மேல் கட்டம் கட்டமாகக் குப்பை. அந்தப் பிளகின் ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரணமாக ஒன்று, ஜிஜிப்பில் சுருக்கி ஒன்று என இரண்டாக வைக்கும். ஜிஜிப் கோப்புக்குள் சரிபார்ப்பு எண் இருப்பதால் அது கெட்டதா இல்லையா என்று திறக்காமலே கணினி சொல்லிவிடும். ஒன்று கெட்ட இடத்தில் மற்றது காப்பாற்றியது. சலித்து எடுத்ததில் 438 தேறியது. வேபேக்கில் கிடைத்ததோடு சேர்த்து, இரண்டிலும் இருந்ததைக் கழித்தால் 527.

அந்த எண்ணை கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினேன். அதன் பிறகு கீழே கீழே எழுதிக்கொண்டே போனோம். ஃபீட் செயலிகளிலிருந்து 24. வாசகர்களின் போனிலிருந்து 13. காமன் க்ரால் என்றொரு அமைப்பு இணையத்தை வாரி வாரிப் பொதுவில் போடுகிறது, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பழக்கப் பெரும்பாலும் பயன்படுவது அந்தக் குவியல்தான். அதன் அட்டவணையில் தேடினால் வேபேக்கில் இல்லாத 7 கட்டுரைகள் இருந்தன. என்னைக் கேட்காமல் எடுத்துப்போனதற்குக் கோபப்படுவதா, எடுத்துப்போனதற்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. ஆக 571.

கிடைத்ததை அப்படியே ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கேஷ் என்பது பழைய பிரதி என்று சொன்னேனே, அதன் இன்னொரு முகம் இது. பஞ்சகவ்யம் தெளிப்பது பற்றிய கட்டுரை வேபேக்கில் 2019ஆம் ஆண்டுப் பிரதியாகக் கிடைத்தது. லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்று போட்டிருந்தது! சரியான அளவு 30 மில்லி, மூன்று விழுக்காடு. முதலில் எழுதியபோது ஒரு சுழியம் கூடிவிட்டது, ஒரு வாசகர் சுட்டிக்காட்டி மறுவாரமே திருத்தினேன். காப்பகத்தில் மாட்டியது திருத்துவதற்கு முந்தைய வாரம். அப்படியே போட்டிருந்தால் யார் வீட்டுச் செடியெல்லாம் கருகியிருக்குமோ. அதற்குப் பிறகு அளவு, தேதி, விலை வரும் ஒவ்வொரு கட்டுரையையும் பென்சிலோடு உட்கார்ந்து வாசித்தேன். அதனால்தான் வேலை பதினோரு வாரம் இழுத்தது. பிளகின் செய்த பிரதிகளின் அடியில் எந்தத் தேதியில் உருவானது என்று குறிப்பு இருக்கும், இரண்டு பிரதி கிடைத்தால் அதைப் பார்த்துப் புதியதை எடுங்கள்.

ஏற்றும்போது ஒருநாள் உயிர் போய் வந்தது. முதல் ஐம்பது கட்டுரைகளைப் புது டேட்டாபேஸில் ஏற்றிவிட்டுத் திறந்தால் எல்லாம் கேள்விக்குறி. புது அட்டவணை லத்தீன் எழுத்துக்கான அமைப்பில் உருவாகியிருந்தது. இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தொப்பி வைத்த, வால் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது, மாற்றி எடுத்துவிடலாம். வரிசையாகக் கேள்விக்குறி தெரிந்தால் அங்கே தமிழ் இல்லை, போயேவிட்டது. என்னிடம் மூலக் கோப்பு தனியாக இருந்ததால் தப்பித்தேன். டேட்டாபேஸை, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 அமைப்பில் உருவாக்கிவிட்டு, ஒரே ஒரு கட்டுரையை ஏற்றிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

படங்கள் சோகக் கதை. ஹோஸ்டிங் கொடுத்ததில் பாதிப் படம் இருந்தது. மீதி, நான் அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தால் ஒரு பகுதியாவது சிடிஎன்னில் கிடைத்திருக்கும். பழைய போன் கேலரியில் தேடிக் கிடைத்ததைப் போட்டேன், கிடைக்காத இடத்தில் வெறுங்கட்டம் நிற்கிறது. அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முன்பணம் போனது எட்டாயிரம். புது ஹோஸ்டிங் வருடத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் ஐயாயிரம். விளம்பர வருமானம் மூன்று மாதம் சுத்தமாக இல்லை, இப்போது பழையதில் பாதி வருகிறது. பழைய நிறுவனம் ஒரு மாதக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஆயிரத்து நூறு ரூபாய். இப்போது ஒவ்வொரு இரவும் டேட்டாபேஸின் பிரதி வேறொரு நிறுவனத்தின் இடத்துக்குப் போகிறது, மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கில் இறங்குகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை லேப்டாப்பில் எழுப்பி, ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். ஊட்டத்தில் முழுக் கட்டுரையும் போகிறது. புதுக் கட்டுரை போட்ட உடனே வேபேக்கிலும் நானே சேமித்துவிடுகிறேன். அதையும் முழுதாக நம்புவதில்லை, 2024 அக்டோபரில் அந்தக் காப்பகமே தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள் மூடிக் கிடந்தது.

செப்டம்பர் மாதம், எல்லாம் முடிந்தது என்று விட்டுவிட்ட பிறகு, பொள்ளாச்சியிலிருந்து ஒரு கூரியர் வந்தது. ஸ்பைரல் போட்ட ஒரு கட்டு. வாசகி ஒருவர் போன் பார்க்கத் தெரியாத தன் அப்பாவுக்காக, என் கட்டுரைகளை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். குழுவில் நான் போட்ட செய்தியைத் தாமதமாகப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டை அப்பாவிடம் இரவல் வாங்கி அனுப்பியிருந்தார். என்னிடம் எங்கும் கிடைக்காத 9 கட்டுரைகள் அதில் இருந்தன. பிரிட்ஜில் 580 என்று எழுதினேன். மீதி 32 இன்னும் வரவில்லை. ஓரங்களில் அந்தப் பெரியவரின் பென்சில் குறிப்புகள். புடலை பற்றிய கட்டுரையில் ஆடிப்பட்டம் மட்டும் என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், "தைப்பட்டத்திலும் வரும், எங்கள் தோட்டத்தில் வந்தது" என்று நடுங்கும் கையெழுத்து. தட்டச்சு செய்யும்போது அந்த வரியையும் சேர்த்தே ஏற்றினேன்.